பச்சை வலை கட்டியும் தூசி வருகிறது, சத்தமும் குறையவில்லை: என்ன செய்யலாம்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தங்கச்சிமடத்தில் உங்கள் வீட்டுக்கு மேற்கே ஒட்டின மனையில் மூன்று மாடி விடுதி கட்டுகிறார்கள். தளமெல்லாம் போட்டாயிற்று, இப்போது பூச்சு வேலையும், சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கும் வேலையும் நடக்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகிறவர். வந்து படுத்தால் கண் மூட முடியவில்லை. மாமியாருக்கு இளைப்பு. நீங்கள் சொன்னதற்காக அவர்கள் பச்சை வலையும் கட்டிவிட்டார்கள், ஆனாலும் எதுவும் குறையவில்லை. 'யாரிடம் புகார் கொடுப்பது?' என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இன்னொரு வரி இருக்கிறது: கட்டுகிறவர் உங்கள் தெருக்காரர்தான், நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும் என்று. அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது புகார் கொடுக்கும் இடத்தை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் மாதங்களைச் சண்டையில்லாமல், வீட்டில் இருப்பவர்கள் உடம்பு கெடாமல் எப்படிக் கடத்துவது என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். புகார் வழி பிறகு.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். 24 வருடமாக மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். அதாவது உங்களுக்குத் தொந்தரவு வருகிற பக்கத்தில் நிற்கிறவன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மாமியாருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது. இடத்தை நேரில் பார்க்காமல் எழுதுவதால் சில விஷயங்களை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அவை எவை என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை வலை. அது சத்தத்தைக் கொஞ்சம்கூடத் தடுக்காது, இதில் சந்தேகமே வேண்டாம். சத்தத்தை மறிக்கக் கனம் வேண்டும், இடுக்கு இருக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவாவது எடையுள்ள தடுப்பு என்றால்தான் பேச்சே. வலையோ காற்றுப் போல இருக்கிறது, உடம்பெல்லாம் ஓட்டை. தூசி விஷயத்தில் அது ஓரளவு உதவும். காற்றின் வேகத்தைத் தணிக்கும், மேலிருந்து கலவைச் சிதறலும் சில்லும் உங்கள் பக்கம் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் மாமியாருக்கு இளைப்பைக் கிளப்புகிற தூசி வேறு வகை. அது வலையின் ஓட்டையைவிடப் பல மடங்கு சின்னது.

இதைக் கொஞ்சம் விளக்கினால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மணல் துகள் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துகள், அதாவது கண்ணுக்குத் தெரிகிற நைஸ் மணல், ஐந்தாறு வினாடியில் தரைக்கு வந்துவிடும். அதையே இன்னும் பத்தில் ஒரு பங்காக்குங்கள், பத்து மைக்ரான். தலைமுடியின் கனத்தில் ஏழெட்டில் ஒரு பங்கு. அது தரை சேர ஆறு நிமிடம்போல ஆகும். அந்த ஆறு நிமிடத்தில், மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று அதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். அதைவிடப் பொடியானது மணிக்கணக்கில் மிதக்கும். ஆக, ஒரு தடவை காற்றில் ஏறிய நைஸ் தூசியை வலை, தகரம், படுதா எதுவும் பிடிக்காது. அது கிளம்புகிற இடத்திலேயே கிளம்ப விடாமல் செய்வதுதான் ஒரே வழி. நான் இங்கே எழுதப்போவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

எங்கிருந்து கிளம்புகிறது? வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் மணல் குவியலைக் கை காட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் பாம்பனில் ஒரு வீட்டு வேலை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் ஓலைப் பாயில் நெத்திலி காயப் போடுவார். ஒரு நாள் காலையில் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வெள்ளியாக மின்ன வேண்டிய மீன், சாம்பலில் புரட்டினதுபோல் இருந்தது. 'இதை நீ வாங்கித் தின்பியா தம்பி?' என்று கேட்டார், அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பாய் முழுவதையும் நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. குவியலுக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம், தண்ணீர் தெளித்திருந்தோம், பிறகு எப்படி? மறுநாள் முழுக்க ஒரு வேலையும் பார்க்காமல் தூசி எப்போது எழும்புகிறது என்று மட்டும் உட்கார்ந்து பார்த்தேன்.

பகல் முழுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு, வேலை முடிகிற நேரம், இரண்டு சித்தாள்கள் அன்றைய காலி சிமெண்ட் சாக்குகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறினார்கள். உதறி, மடித்து, கட்டாகக் கட்டிப் பழைய சாக்குக்காரரிடம் போடுவது வழக்கம். முப்பது நாற்பது சாக்கு. ஒவ்வோர் உதறலுக்கும் ஒரு சின்னப் புகைமேகம். அந்த நேரத்தில்தான் கடற்காற்றும் நல்ல வேகத்தில் அடிக்கும். இரண்டே நிமிட வேலை, அந்த இரண்டு நிமிடம்தான் பாட்டியின் பாயைக் கெடுத்தது. மறுநாளிலிருந்து சாக்கு உதறக் கூடாது, கலவைத் தண்ணீர் டிரம்மில் ஒரு முக்கு முக்கி அலசிவிட்டுப் போடுங்கள் என்று சொன்னேன். அலசின தண்ணீர் கலவைக்கே போயிற்று. அதற்குப் பிறகு பாட்டி வரவில்லை, அல்லது வந்தால் பேச வந்தார்.

சாக்கு மட்டும் இல்லை. தூசி கிளம்புகிற இடம் நாலைந்துதான், எல்லாமே இப்படிச் சின்னச் சின்னப் பழக்கங்கள். கலவை மிஷினில் சிமெண்டை உயரத்திலிருந்து கொட்டுவது ஒன்று. டிரம்மில் முதலில் கொஞ்சம் தண்ணீரும் ஜல்லியும் ஓட விட்டு, மூட்டையை டிரம்மின் வாயோடு வாய் வைத்துச் சரித்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். காய்ந்த தளத்தைக் கட்டைத் துடைப்பத்தால் பெருக்குவது இன்னொன்று. கை நிறையத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினால் போதும். மூன்றாம் மாடியிலிருந்து உடைசலைக் கீழே தள்ளிவிடுவது அடுத்தது. விழுகிற இடத்தில் எழும்புகிற தூசியும் சத்தமும் தெருவுக்கே கேட்கும். சாக்கில் கட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும், அல்லது அடியில்லாத டிரம்களைக் கோத்துக் குழாய்போல் விட வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை. சொல்லவும் நிற்கவும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது கட்டிங் மிஷின். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட், சுவரில் குழாய் பதிக்கக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுவது. உலர்ந்தபடி வெட்டினால் வருகிற மாவு வெறும் அழுக்கு இல்லை, அதில் சிலிகா இருக்கிறது, கல்லிலும் மணலிலும் உள்ள தாது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும், அந்த நோய் வந்தால் மாற்ற மருந்தில்லை. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த ஆபத்து நாள் முழுக்க மிஷினைக் கையில் பிடித்திருக்கும் பையனுக்குத்தான். சில மாதம் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு அந்த நோய் வருவது மிக அரிது. ஆனால் ஏற்கெனவே இளைப்பு இருக்கிறவருக்கு எந்த நைஸ் தூசியும் இளைப்பைக் கிளப்பும், அதில் ஐயமில்லை. தீர்வு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: ஈரமாக வெட்டுவது. பெரிய வட்டு மிஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விழுந்தால் தூசியில் பெரும்பகுதி சேறாக வழிந்துவிடும். சாதாரண டைல்ஸ் வேலைக்குத் தண்ணீர்த் தட்டு வைத்த மேசைக் கட்டர் வாடகைக்கே கிடைக்கிறது. செராமிக் டைல்ஸ் என்றால் கையால் கீறி ஒடிக்கிற கட்டர் போதும். தூசியும் இல்லை, சத்தமும் இல்லை. கிரானைட்டுக்கு அது ஆகாது.

ஒரு எச்சரிக்கை. கையில் பிடிக்கும் மின்சார மிஷினில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் சுவிட்ச், நம் ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்று சொல்வது, அந்த இணைப்பில் இல்லாவிட்டால் அது உயிருக்கு ஆபத்து. உங்கள் தூசி குறைவதற்காக யாருக்கும் ஷாக் அடிக்க வேண்டாம். கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

தண்ணீர் என்றதும் நம் ஊரில் அடுத்த கேள்வி, எந்தத் தண்ணீர்? குடிதண்ணீர்க் குழாய்க்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் அதைத் தரையில் தெளிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் சிலர் கடல்தண்ணீரையோ உப்புக் கரித்த போர் தண்ணீரையோ லாரியில் கொண்டுவந்து தெளிக்கிறார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தூசி நன்றாகவே அடங்கும், அது உண்மைதான். ஆனால் உங்கள் தீவில் மண் மணல். நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய அடுக்கு. மேலே ஊற்றுகிற உப்பு நேராக அதற்குள்தான் இறங்கும். உங்கள் ஊர் மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது, அந்தப் பாத்திக்கு உப்பு ஆகவே ஆகாது. கட்டுகிறவருக்கும் நஷ்டம்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பில் இருந்து வருகிற பொருள், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று தர விதி இருக்கிறது. அடுக்கி வைத்த கம்பி மேல் உப்புத் தண்ணீர் தெறித்தால் கடற்கரைக் கட்டடத்தில் துரு சீக்கிரமே வேலையைக் காட்டும். அதனால் உப்புத் தண்ணீர் தெளிப்பதைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் நன்மைக்காகவும்தான். தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்க வழி, மூடுவது. எம்-சாண்ட், அதாவது கல்லை அரைத்த செயற்கை மணல், குவியலைத் தார்ப்பாயால் மூடி நாலு பக்கமும் கல் வைத்துவிட்டால் ஒரு சொட்டும் வேண்டாம். அன்றன்றைக்கு எடுக்கிற முகத்தை மட்டும் திறந்தால் போதும், அந்த முகமும் காற்று வருகிற பக்கம் இருக்கக் கூடாது.

இனி நீங்கள் சோதிக்க வேண்டியது. உங்கள் வீட்டுக்குள் வருகிற தூசி எல்லாம் அந்தக் கட்டடத்தினுடையதா? வைகாசி முடிந்து கச்சான் எழும்பினால் கடற்கரை மணலும் சாலை மண்ணும் சேர்ந்தேதான் பறக்கும். இரண்டு எவர்சில்வர் தட்டில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றைக் கட்டடத்தை ஒட்டிய மேற்குச் சுவர் மேல் வையுங்கள், மற்றதை அந்தப் பக்கமே பார்க்காத கிழக்குச் சுவர் மேல். காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை இருக்கட்டும். பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல் அல்லது எம்-சாண்ட். மாவுபோல் வழுக்கினால் சிமெண்ட் அல்லது வெட்டின தூசி. இரண்டு தட்டும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பங்கு பொதுவான காற்று மண்தான், அண்டை வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேற்குத் தட்டு மட்டும் மாவாக இருந்தால் உங்கள் கையில் ஒரு சான்று இருக்கிறது. வேலை நடக்காத ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இது ஆய்வுக்கூட அளவு இல்லை, ஆனால் எந்த வேலையை மாற்றச் சொல்வது என்று தெரிந்துவிடும். காற்றுத் தூசியை அளப்பதாக விற்கிற சின்னக் கருவிகளை நம் கரையில் நான் நம்புவதில்லை. ஈரக் காற்றில் அவை கூட்டிக் காட்டும்.

சத்தத்துக்கு வருகிறேன். திறந்தவெளியில் சத்தம் வருகிற இடத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கிற அலகு. 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதியானதுபோல் இருக்கும். இப்போது கட்டிங் மிஷின் உங்கள் சுவரிலிருந்து நாலு மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மனையின் மேற்குக் கோடிக்கு, பதினாறு மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபெல் போயிற்று, பாதிக்கும் கீழே. ஒரு ரூபாய் செலவில்லை. அதோடு மிஷினைச் சுற்றி மூன்று பக்கம் ஹாலோ பிளாக்கைச் சும்மா அடுக்கி, திறந்த பக்கம் உங்கள் வீட்டைப் பார்க்காமல் மேற்கே திருப்பினால் இன்னும் ஐந்து முதல் பத்து வரை குறையலாம். தடுப்பு மிஷினை ஒட்டி இருக்க வேண்டும், உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் மிஷின் தெரியக் கூடாது. நீங்கள் மாடியில் படுப்பவர்கள் என்றால் அடுக்குத் தடுப்புக்கு மேலாகச் சத்தம் வந்துவிடும், அதில் பெரிய பயன் இருக்காது. அப்போது கட்டடத்தின் தரைத்தளத்திலேயே மேற்கு அறை ஒன்றில் வைத்து வெட்டச் சொல்லலாம். சுவர்களே மறைப்பாகிவிடும். ஆனால் மூடின அறைக்குள் உலர்ந்தபடி வெட்டினால் உங்கள் தொல்லை அந்தப் பையன் நெஞ்சுக்குப் போய்விடும். அறைக்குள் என்றால் ஈரமாகத்தான், முகத்தில் என்95 மாஸ்க்கோடுதான். துண்டைக் கட்டிக்கொள்வது இந்த நைஸ் தூசியை வடிகட்டாது.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். 1000 கேவிஏ திறன் வரையிலான டீசல் ஜெனரேட்டரின் சத்தம், அதை மூடிய பெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெட்டி இல்லாத பழையது என்றால் மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் மேல் உங்கள் விஷயத்தில் கை கொடுக்கப்போவது நேரம்தான். எந்தச் சட்டமும் பகலில் தூங்குகிறவரை நினைத்து எழுதவில்லை. காலை 6 முதல் இரவு 10 வரை பகல் என்றுதான் விதியில் இருக்கிறது. கடலில் இரவைக் கழித்துவிட்டு ஏழு மணிக்குப் படுக்கிறவருக்கு அது பொருந்தாது, ஆனால் அதற்காகச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும். பேச உங்களிடம் நல்ல கணக்கு இருக்கிறது. அவர் கரை திரும்பித் தூங்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஞாயிறு அங்கே வேலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, வாரத்தில் இரண்டே காலை. 'சத்தம் போடாதீர்கள்' என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார், ஏனென்றால் அது செய்ய முடியாத காரியம். 'செவ்வாயும் வியாழனும் ஒரு மணி வரைக்கும் கொத்துவது, வெட்டுவது, துளைப்பது மட்டும் வேண்டாம்' என்று கேட்டால் அவர் உடனே மனக்கணக்குப் போடுவார். அந்த இரண்டு காலையில் பூச்சு பூசலாம், சாரம் மாற்றலாம், கம்பி கட்டலாம், வயர் இழுக்கலாம், பெயிண்டுக்குப் பட்டி தேய்க்கலாம். பட்டி தேய்ப்பதில் சத்தம் இல்லை, ஆனால் தூசி உண்டு, உங்கள் பக்க ஜன்னல்களை அப்போது அடைக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு ஆள்கூலியும் வீணாகாது. இன்னொன்றும் கேளுங்கள்: உங்களை ஒட்டிய அவர்கள் கட்டடத்தின் கிழக்குச் சுவரில் காடி வெட்டுவதைத் திங்கள், புதன், வெள்ளி, சனியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சுவர்தான் உங்களுக்குப் பாதிச் சத்தம். மேல்நிலைத் தொட்டிக்குக் கான்கிரீட் போடும் நாளை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுங்கள். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த இணைப்பில் தண்ணீர் கசியும். முந்தின நாளே சொல்லிவிடச் சொன்னால் போதும்.

யாரிடம் பேசுவது என்பதும் முக்கியம். முதலாளி நல்லவராக இருந்தாலும், 'சொல்லிவிடுகிறேன்' என்பதோடு அது நின்றுவிடும். மிஷின் எங்கே இருக்கிறது, எப்போது ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் மேஸ்திரி. உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத ஒரு நாள் காலையில், வேலை தொடங்கும் முன் இருவருமாகப் போய், முதலாளியையும் வரச் சொல்லி, மேஸ்திரியோடு நாலு பேரும் நின்று பேசுங்கள். ஒரே தடவையில் பத்து விஷயம் கேட்க வேண்டாம். சாக்கு, மிஷின் இடம், இரண்டு காலை, இந்த மூன்று போதும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பூச்சு நிலையில் இருக்கிறது என்றால் சத்தமும் தூசியும் அதிகமான கட்டம் இனிமேல்தான். டைல்ஸ், படிக்குக் கிரானைட், கைப்பிடிக் கம்பி கிரைண்டிங். மூன்று மாடி விடுதி என்றால் ஒவ்வோர் அறைக்கும் குளியலறை, அத்தனையிலும் டைல்ஸ். அதற்கு முன்னால் இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்யலாம். உங்கள் வீடே ஒரு தடுப்புச் சுவர். மேற்கு அறையில் படுப்பவர் கிழக்கு அறைக்கு மாறினால் சத்தம் நன்றாகத் தெரிகிற அளவு குறையும். மாமியாரையும் அந்தப் பக்கம் மாற்றுங்கள். ஆடி வெயிலில் ஜன்னலையெல்லாம் அடைக்க முடியாது, எனக்குத் தெரியும். கிழக்கு, வடக்கு ஜன்னல்களைத் திறந்து வைத்து மேற்கை மட்டும் அடையுங்கள், அதன் கீழ் இடுக்கில் ஈரத்துணியைச் செருகுங்கள். பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் படிந்தது எல்லாம் மறுபடி மூச்சு உயரத்துக்கு வந்துவிடும். கிணறு திறந்திருந்தால் மூடுங்கள், சிமெண்ட் தூசி சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது. மாமியாருக்கு வேகமாக இளைத்தாலோ, பேச்சு முழுசாக வராமல் திணறினாலோ தூசியை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது சட்டம். உறுதியானதை முதலில் சொல்கிறேன். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளில் 2010-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள்: குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமிடும் கட்டட இயந்திரங்களை ஓட்டவே கூடாது. இதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம், ஓடினாலே மீறல். பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெல், இரவில் 45. ஆனால் பகலில் அந்த அளவை 10 டெசிபெலாவது தாண்டினால்தான் விதிப்படி புகாருக்கு இடம், அதாவது 65. பக்கத்தில் கட்டிங் மிஷின் ஓடினால் 65-ஐத் தாண்டுவது கடினமில்லை. ஆனால் அதை முறையான கருவியால் அளந்து காட்ட வேண்டும். செல்போன் செயலி காட்டுவது சாட்சியாக நிற்காது, போனுக்குப் போன் மாறும். ஒரே போனில், ஒரே இடத்தில், மிஷின் ஓடும்போதும் நின்றபோதும் பார்த்து எழுதி வைத்தால், வித்தியாசத்தைக் காட்டப் பயன்படும்.

தூசிக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 2018 ஜனவரியில் சேர்த்தவை இருக்கின்றன: மண்ணையும் மணலையும் மூடாமல் வைக்கக் கூடாது, கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை காற்றுத் தடுப்பு வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், திறந்தவெளியில் கட்டடப் பொருளை வெட்டவோ அரைக்கவோ கூடாது, மூடாத வண்டியில் ஏற்றக் கூடாது என்றெல்லாம். ஆனால் இவை பெரிய திட்டங்களையும், காற்றுத் தூசி வரம்பைத் தாண்டிய நகரங்களையும் மனத்தில் வைத்து எழுதினவை. ஓர் ஊராட்சியில் கட்டும் மூன்று மாடி விடுதியை இவை நேராகக் கட்டுமா என்பது வாதத்துக்கு உரியது. இதை நம்பி வழக்கென்று இறங்கச் சொல்ல மாட்டேன். பேசும்போது 'அரசாங்கமே இப்படித்தான் செய்யச் சொல்கிறது' என்று காட்டலாம்.

பேசியும் பலனில்லை என்றால் எழுத்தில் போங்கள். இரவு வேலை என்றால் அந்த நேரத்திலேயே போலீஸுக்குப் போன் செய்யலாம். ஒலி விதிப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கும், டி.எஸ்.பி.க்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் உண்டு. ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிட இராமநாதபுரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. பழைய சட்டத்தில் 133-ஆம் பிரிவு என்று சொன்னது அதுதான். ஆனால் அது தெருவுக்கே பொதுவான தொல்லைக்கு உரியது, தனி ஒரு வீட்டுக்கு என்றால் தள்ளிவிடக்கூடும். மற்ற வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் கனம் கூடும். எந்த மனுவானாலும் கூட ஒரு நோட்டு வேண்டும்: தேதி, நேரம், எந்த வேலை, எவ்வளவு நேரம், மாமியாருக்கு அன்று எப்படி இருந்தது. இரண்டு வார நோட்டு, பத்துப் பக்க மனுவைவிடப் பேசும்.

கடைசியாகச் சுவர் விரிசல் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின உங்கள் பழைய பகுதியில் விரிசல் தெரிகிறது என்று. கொத்துகிற அதிர்வால் வந்ததா, மணல் மண்ணில் பக்கத்து அஸ்திவாரம் தோண்டினதால் இறங்கினதா, பத்து வருடமாக இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டதா என்று இங்கிருந்து என்னால் மட்டுமில்லை, யாராலும் சொல்ல முடியாது. வளர்கிறதா என்று பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு சின்னப் பட்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குறுக்கே பூசி வையுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுங்கள். ஒரு மாதத்தில் பட்டை வெடித்தாலோ கோட்டைத் தாண்டி நீண்டாலோ ஒரு இன்ஜினியரை நேரில் கூட்டிப் போய்க் காட்டுங்கள், முதலாளியையும் கூட வைத்துக்கொண்டு.

இன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மாடியில் நின்று, அவர்கள் காலிச் சாக்கை என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். தட்டுச் சோதனையில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதினால், மேற்கொண்டு சொல்கிறேன்.